ஒரு சுற்று எப்போது செல்லாததாகிறது? ஆன்லைன் கார்ப் பந்தய விளையாட்டுகளின் தட எல்லை விதி

ஆன்லைன் கார்ப் பந்தய விளையாட்டுகளில் டைம் ட்ரையல் (தனியாக ஓட்டிச் சிறந்த சுற்று நேரத்தைப் பதியும் போட்டி) ஆடத் தொடங்குபவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு குழப்பம் வந்துவிடும். சுற்று முழுவதும் கார் எதிலும் மோதவில்லை, சறுக்கவில்லை, புல்லில் இறங்கவும் இல்லை. முடிவுக்கோட்டைத் தாண்டும்போது இதுவரை ஓட்டியதிலேயே சிறந்த நேரம் திரையில் தெரிகிறது. ஆனால் அந்த நேரம் சிவப்பு நிறத்தில் இருக்கிறது. தரவரிசைப் பட்டியலில் அது ஏறவில்லை. இரண்டு வளைவுகளுக்கு முன்னால், அரை விநாடிகூட நீடிக்காத ஒரு கணத்தில், நான்கு சக்கரங்களும் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் போய்விட்டன என்பதுதான் காரணம்.

நிஜப் பந்தயத்தைப் பார்ப்பவர்களும் இதே குழப்பத்தில் சிக்கியதுண்டு. 2023 ஜூலை 2 அன்று ஆஸ்திரியாவின் ஷ்பீல்பெர்கில் உள்ள ரெட் புல் ரிங் தடத்தில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் கார்லோஸ் சைன்ஸ் நான்காவதாக வந்தார். பந்தயம் முடிந்து சில மணி நேரம் கழித்து ஆறாம் இடத்துக்கு இறக்கப்பட்டார். அன்று அப்படிப் புதிய தண்டனை பெற்றவர்கள் மொத்தம் எட்டு ஓட்டுநர்கள். அவர்கள் செய்த தவறும் வெள்ளைக் கோட்டைத் தாண்டியதுதான்.

தடம் எங்கே முடிகிறது, அதைத் தாண்டினால் என்ன நேர வேண்டும் என்ற ஒரே கேள்விதான் இந்த இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. விளையாட்டுகளில் இவ்விதி நிஜத்தைவிடக் கடுமையாக இருப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. அவை தெரியாதவரைக்கும் இது கணினி செய்யும் அடாவடியாகவே தோன்றும்.

தடம் எங்கே முடிகிறது?

இன்றைய பந்தயத் தடம் ஒன்றின் குறுக்கே உள்ளிருந்து வெளியே நடந்து சென்றால் நான்கு பரப்புகளைக் கடப்போம்.

1. கார்கள் ஓடும் தார்ப்பரப்பு.

2. அதன் இரு ஓரங்களிலும் நீண்டு செல்லும் வெள்ளைக் கோடு.

3. வளைவுகளின் உள்முனையிலும் வெளியேறும் இடத்திலும் சிவப்பும் வெள்ளையுமாகவோ வேறு நிறங்களிலோ பூசப்பட்ட, சற்றே மேடான கெர்ப்.

4. கட்டுப்பாட்டை இழந்த கார் வேகம் தணிந்து நிற்பதற்காக விடப்பட்ட ரன்-ஆஃப். இது புல்லாகவோ சரளைக்கல்லாகவோ தாராகவோ இருக்கலாம்.

ஃபார்முலா 1 விதிகளின்படி வெள்ளைக் கோடு தடத்தைச் சேர்ந்தது, கெர்ப் தடத்தைச் சேர்ந்ததன்று. காரின் எந்தப் பகுதியும் தடத்தைத் தொடாத நிலை ஏற்பட்டால் மட்டுமே கார் வெளியேறியதாகக் கொள்ளப்படும். நியாயமான காரணமின்றி அப்படி வெளியேறக் கூடாது. கிரிக்கெட்டில் மட்டை கோட்டின்மேல் மட்டுமே இருந்தால் ரன் அவுட். இங்கே டென்னிஸைப் போல, கோட்டைத் தொட்டிருந்தால் உள்ளே. ஒரே ஒரு டயரின் விளிம்பு கோட்டின்மேல் இருந்தாலும் சுற்று செல்லும்.

இதிலிருந்து பலர் கவனிக்கத் தவறும் ஒரு விளைவு பிறக்கிறது. ஃபார்முலா 1 கார் ஏறத்தாழ 2 மீட்டர் அகலம் உடையது. ஒரு பக்கத்துச் சக்கரம் மட்டும் கோட்டைத் தொட்டிருந்தால் போதும் என்றால், காரின் பெரும்பகுதி கோட்டுக்கு வெளியே இருக்கலாம். அதாவது வரையப்பட்ட அகலத்தைவிட ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரு கார் அகலம் கூடுதலாக ஓட்டுநருக்குக் கிடைக்கிறது. தொலைக்காட்சியில் ஒரு கார் "முழுக்க வெளியே" போனதுபோல் தெரிந்தும் தண்டனை வராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வெளியே போனால் ஏன் வேகம் கூடுகிறது?

தடத்துக்கு வெளியே போவது நஷ்டமாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். வெளியே புல்லோ சரளையோ இருந்தால் நஷ்டம்தான். தார் இருந்தால் லாபம்.

வளைவில் ஒரு கார் எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: டயரின் பிடிப்பு, கார் வரையும் வில்லின் ஆரம். பிடிப்பு மாறாதபோது வேகம் ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். எனவே ஓட்டுநர் வெளி ஓரத்தில் தொடங்கி, உள்முனையைத் தொட்டு, மறுபடியும் வெளி ஓரத்தில் முடித்து, தடத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்தி வளைவை இயன்றவரை நேராக்கிக் கொள்கிறார்.

ஒரு 90 பாகை வளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உள் ஓரத்தின் ஆரம் 20 மீட்டர், தடத்தின் அகலம் 12 மீட்டர் என்று கொள்வோம். இந்த அமைப்பில் மிகச் சிறந்த பாதையின் ஆரம் சுமார் 61 மீட்டர். டயர் தரும் பக்கவாட்டுப் பிடிப்பு புவியீர்ப்பைப் போல ஒன்றரை மடங்கு என்றால் அந்தப் பாதையில் மணிக்குச் சுமார் 108 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். இப்போது நுழையும்போதும் வெளியேறும்போதும் வெளிப்பக்கம் 2 மீட்டர் கூடுதலாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆரம் 2 மீட்டர் மட்டும் கூடுவதில்லை. இத்தகைய வளைவில் வெளிப்பக்கம் கிடைக்கும் ஒவ்வொரு மீட்டரும் பாதையின் ஆரத்தில் சுமார் 3.4 மீட்டரைச் சேர்க்கிறது. ஆரம் 68 மீட்டரை நெருங்குகிறது, வேகம் சுமார் 114 கிலோமீட்டராகிறது. ஒரு கார் அகலத்துக்கு மணிக்கு 6 கிலோமீட்டர் என்பது பந்தயக் கணக்கில் மிகப் பெரிய தொகை. காற்றழுத்தம் காரைத் தரையோடு அழுத்துவதை இக்கணக்கில் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் வேகமான வளைவுகளில் இலாபம் இன்னும் கூடும்.

வளைவுக்குள்ளேயே மிஞ்சும் நேரம் சிறிதுதான். அகன்ற பாதை சற்று நீளமானது என்பதால் கூடுதல் வேகத்தின் ஒரு பங்கை அந்தத் தூரம் தின்றுவிடுகிறது. உண்மையான ஆதாயம் வளைவுக்குப் பின் வரும் நேர்பாதையில் இருக்கிறது. கூடுதல் வேகத்தோடு வெளியேறும் கார் அந்த நேர்பாதை முழுவதும் அந்த ஆதாயத்தைச் சுமந்து செல்கிறது. ஆகவேதான் தட எல்லைத் தகராறுகளில் பெரும்பாலானவை நீண்ட நேர்பாதைக்கு முந்திய வளைவின் வெளியேறும் ஓரத்திலேயே நடக்கின்றன.

நிஜத் தடங்களில் நடந்தது

முன்பு இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. கோட்டுக்கு அடுத்தாற்போல் புல்லும் அதற்கு அப்பால் சரளையும் இருந்த காலத்தில் தடமே தண்டித்தது. பாதுகாப்பைக் கருதிப் பல இடங்களில் ரன்-ஆஃப் பகுதிகளுக்குத் தார் போடப்பட்டது. தார்ப்பரப்பில் ஓட்டுநர் பிரேக் பிடித்துக் காரைத் திருப்ப முடியும் என்பதால் அது நல்ல முடிவுதான். ஆனால் அதோடு, முன்பு தரை செய்துவந்த தண்டனை வேலை மனிதர்களின் தலையில் விழுந்தது.

அந்தச் சுமையை 2021 பஹ்ரைன் பந்தயம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நான்காம் வளைவில் கோட்டைத் தாண்டினால் பயிற்சியிலும், தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் குவாலிஃபையிங்கிலும் சுற்று நேரம் நீக்கப்படும்; பந்தயத்திலோ நிலையான ஆதாயம் எடுத்தால்தான் குற்றம் என்று நடைமுறை இருந்தது. லூயிஸ் ஹாமில்டன் அந்த வளைவில் 29 முறை அகலமாகப் போனார். பந்தயம் முடியும் தறுவாயில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் அதே இடத்தில் கோட்டுக்கு வெளியே போய் அவரை முந்தினார், முந்திய இடத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது, ஹாமில்டன் வென்றார். இரண்டு தீர்ப்புகளும் விதிப்படி சரியானவை. ஆனாலும் ஒரே வளைவில் ஒரே செயலுக்கு, ஒரே வார இறுதியில், வெவ்வேறு விதி என்பது பார்வையாளருக்குப் புரியும்படி இல்லை.

2023 ஆஸ்திரியாவில் விதி ஒன்றாகவே இருந்தது, அளவுதான் மீறிப் போனது. மூன்று மீறல்வரை எச்சரிக்கை, நான்காவதுக்கு 5 விநாடி, ஐந்தாவதுக்கு 10 விநாடி என்று தண்டனை ஏறிச் செல்லும். அன்றைய பந்தயத்தில் பரிசீலிக்க வேண்டியவை என்று குறிக்கப்பட்ட சம்பவங்கள் 1,200-க்கும் மேல். பந்தயம் ஓடும்போது அத்தனையையும் பார்த்து முடிக்க இயலவில்லை. ஆஸ்டன் மார்ட்டின் அணி முறையிட்ட பிறகே விடுபட்டவை எண்ணப்பட்டன. அந்த வார இறுதியிலேயே செர்ஜியோ பெரஸ் குவாலிஃபையிங்கின் இரண்டாம் பகுதியில் தன் நேரங்கள் நீக்கப்பட்டதால் 15-ஆம் இடத்திலிருந்து கிளம்ப வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு, சிக்கலுக்குக் காரணமான கடைசி இரண்டு வளைவுகளின் வெளி ஓரத்தில் ஒரு சரளைப் பட்டை போடப்பட்டது. மீறல்கள் பெருமளவு குறைந்தன. விதிப்புத்தகத்தில் எத்தனை பக்கம் சேர்த்தாலும் செய்ய முடியாததை இரண்டு மூன்று மீட்டர் சரளை செய்துவிட்டது. இதற்கிடையே 2023 நவம்பரில் அபுதாபியில், கேமராப் படங்களிலிருந்து கோடு தாண்டலைக் கணினியே கண்டறியும் முறையையும் ஃபார்முலா 1 விதிகளை வகுக்கும் சர்வதேசக் கூட்டமைப்பு (FIA) சோதித்துப் பார்த்தது. விளையாட்டுகள் தொடக்கத்திலிருந்தே செய்துவரும் வேலைக்கு நிஜப் பந்தயம் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

டைம் ட்ரையலில் கடுமை ஏன்?

டைம் ட்ரையல் என்பது தனியாக ஓடும் பந்தயம். எல்லோருக்கும் ஒரே தடம், பெரும்பாலும் ஒரே கார், ஒரே வானிலை. வேண்டுமானால் வேறொருவரின் சிறந்த சுற்று ஒரு நிழல் காராகக் கூடவே ஓடும். அதோடு மோத முடியாது. எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். இறுதியில் எண்ணப்படுவது ஒரே ஒரு சுற்று.

இந்த அமைப்பில் நிஜப் பந்தயத்தின் தளர்வுகள் எவையும் பொருந்துவதில்லை. பக்கத்தில் வரும் காருக்கு வழிவிட வெளியே போனேன் என்று சொல்ல முடியாது, ஏனெனில் பக்கத்தில் யாரும் இல்லை. மூன்று எச்சரிக்கை தரலாம் என்றால், ஒரே சுற்றில் மூன்று வளைவுகளை மீறி ஓட்டுவதே அனைவரும் பின்பற்றும் உத்தியாகிவிடும்.

இன்னும் ஆழமான காரணம் அச்சம் இல்லாமைதான். நிஜ ஓட்டுநர் கோட்டின் விளிம்பில் ஓட்டும்போது காரையும் டயரையும் சில வேளைகளில் உயிரையும் பணயம் வைக்கிறார். விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் கார் புதிதாகத் தொடக்கக் கோட்டில் நிற்கும். ஒருவர் ஒரே மாலையில் நூறு சுற்று ஓட்டி, தொண்ணூற்றொன்பதில் தவறி, நூறாவதில் மட்டும் எல்லா விளிம்புகளையும் சரியாகத் தொட்டுவிடலாம். ஆயிரக்கணக்கானோர் இப்படி முயலும்போது தடத்தில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையும் யாராவது ஒருவரால் கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்த நாளே எல்லோராலும் பின்பற்றப்படும். விளையாட்டில் வேறு எந்த விலையும் இல்லாத நிலையில், சுற்று செல்லாது என்பதே விதிக்கத்தக்க ஒரே விலை. அதைக் கடுமை என்று குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பேரின் நேரங்களை ஒப்பிடுவதற்கு இருவரும் ஒரே எல்லைக்குட்பட்ட தடத்தில் ஓடியிருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச நிபந்தனைதான் அது.

கணினி எதைப் பார்க்கிறது?

விளையாட்டுக்குள் மீறல்களுக்குத் தீர்ப்பு சொல்லும் ஸ்டூவர்டு இல்லை; கேமராவும் இல்லை. தடத்தின் தரை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருக்கும்: தார், கெர்ப், புல், மணல். ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் இப்போது எந்தப் பரப்பு இருக்கிறது என்று நிரல் விநாடிக்குப் பல முறை விசாரித்துக்கொண்டே இருக்கும்.

2014-இல் இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி வெளியிட்ட அசெட்டோ கோர்ஸாவில் இதை வெளிப்படையாகவே பார்க்கலாம். ஒவ்வொரு தடத்தோடும் ஒரு சிறிய எழுத்துக் கோப்பு வருகிறது. அதில் ஒவ்வொரு பரப்புக்கும் உராய்வு எவ்வளவு, அதிர்வு எவ்வளவு என்ற எண்களோடு, "இது செல்லுபடியாகும் தடமா?" என்பதற்கு 1 அல்லது 0 என்று விடை தரும் ஒரு வரியும் இருக்கும். தடத்தை உருவாக்கியவர் கெர்ப்புக்கு 1 என்று எழுதியிருந்தால் கெர்ப் உள்ளே. 0 என்று எழுதியிருந்தால் வெளியே. ஃபார்முலா 1 விதிப்புத்தகம் என்ன சொன்னாலும் அந்த ஓர் எண்தான் அங்கே சட்டம். அதோடு, எத்தனை டயர்கள் வெளியே போகலாம் என்பதை ஆன்லைன் சர்வரை நடத்துபவர் தனியாகத் தீர்மானிக்கலாம். ஒரு சர்வரில் செல்லும் சுற்று இன்னொன்றில் செல்லாது. மேலே கணக்கிட்ட 90 பாகை வளைவை நினைத்துக்கொண்டால், இந்த அமைப்பு மாறும்போது நேரங்கள் எவ்வளவு மாறக்கூடும் என்பது விளங்கும். அமைப்பைக் குறிப்பிடாமல் இரு சர்வர்களின் நேரங்களை ஒப்பிடுவது பொருளற்றது.

"நான் வெளியே போகவே இல்லை" என்று ஆட்டக்காரர்கள் உறுதியாக நம்புவதற்கு மூன்று தனித்தனிக் காரணங்கள் உண்டு.

1. ஆட்டக்காரர் காரின் உடலைப் பார்க்கிறார். நிரல் டயர் தரையைத் தொடும் இடத்தைப் பார்க்கிறது. காரின் முன் மூக்கும் பக்கவாட்டுத் தகடும் கோட்டின்மேல் இருக்கலாம். டயர் ஒரு சாண் தள்ளி இருக்கலாம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கும் கோணத்தில் பின்சக்கரங்கள் கண்ணுக்கே தெரியாது.

2. நிரல் டயரை ஒரு பரப்பாகக் கொள்ளாமல் அதன் நடுப்புள்ளியை மட்டும் பார்க்கும்படி அமைந்திருந்தால், டயரின் விளிம்பு கோட்டைத் தொட்டிருந்தாலும் கணக்கில் வெளியே என்றாகும்.

3. கண்ணுக்குத் தெரியும் தரையும் இயற்பியல் கணக்குக்கான தரையும் இரண்டு தனி மாதிரிகளாக இருக்கலாம். வண்ணம் பூசிய கோடு ஓரிடத்திலும் கணக்கின் எல்லை சில சென்டிமீட்டர் தள்ளி இன்னோரிடத்திலும் விழுவதுண்டு.

முதலாவது ஆட்டக்காரர் கற்றுக்கொள்ள வேண்டியது. மற்ற இரண்டும் தயாரிப்பாளர் திருத்த வேண்டிய குறைகள். இம்மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் விவாதிப்பதால்தான் இணையத்தில் இந்தப் பேச்சு முடிவில்லாமல் நீள்கிறது. சந்தேகம் வந்தால் ரீப்ளேயை நிறுத்தி, காரின் தடத்தை ஒட்டிய பக்கத்துப் பின்சக்கரத்துக்கு நேர் பின்னாலிருந்து பார்ப்பது நல்லது. நான்கு சக்கரங்களும் தாண்டின என்பதைப் பெரும்பாலும் கடைசியாக வெளியேறும் சக்கரம் சொல்லிவிடும்.

"கிளீன் லேப்" என்பது தட எல்லை மட்டுமன்று

தட எல்லைக்குள் ஓடிய சுற்றும் கிளீன் லேப்பாக, அதாவது தவறற்ற சுற்றாக, ஏற்கப்படாமல் போகலாம். ஏனெனில் இந்தச் சொல் விளையாட்டுக்கு விளையாட்டு பொருள் மாறுகிறது.

1. ஃபோர்ஸா வரிசையில் தடம் தாண்டுதல், மோதுதல் ஆகியவற்றோடு, தவறு செய்த இடத்துக்குக் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் ரீவைண்டைப் பயன்படுத்தினாலும் சுற்று கறைபட்டதாகக் குறிக்கப்படும். கறைபட்ட நேரம் அழிக்கப்படாமல் ஓர் எச்சரிக்கைக் குறியோடு பட்டியலில் நிற்கும். ஆனால் எவ்வளவு வேகமானதானாலும் கிளீன் லேப்களுக்குக் கீழேதான் நிற்கும். நேரத்தை மறைக்காமல் தரத்தைப் பிரிக்கும் இந்த ஏற்பாடு எனக்குச் சரியானதாகப் படுகிறது.

2. ஐரேசிங்கில் ஒவ்வொரு தவறுக்கும் புள்ளி உண்டு. தடத்தை விட்டு வெளியேறினால் 1, கட்டுப்பாட்டை இழந்து சுழன்றால் 2, பலத்த மோதலுக்கு 4. டைம் ட்ரையலில் ஒரு சுற்றை மட்டும் எண்ணாமல் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான தொடர்ச்சியான, புள்ளி விழாத சுற்றுகளின் சராசரியை எடுக்கிறார்கள். நூறில் ஒருமுறை விளிம்பைத் தொட்டுவிடும் அதிர்ஷ்டத்துக்கு இங்கே வேலையில்லை.

3. கிராண்ட் டூரிஸ்மோவின் லைசென்ஸ் தேர்வுகளில் தடத்தை விட்டு வெளியேறினால் அந்த முயற்சியே அங்கேயே முடிந்துவிடும். டைம் ட்ரையலில் தொடர்ந்து ஓட்டலாம், நேரம் மட்டும் பதிவாகாது.

அடுத்த சுற்றும் ஏன் ரத்தாகிறது?

புதியவர்களை மிகவும் சினமூட்டுவது இதுதான். ஃபார்முலா 1 விளையாட்டு வரிசையில், சுற்றின் கடைசி வளைவுகளில் கோட்டைத் தாண்டினால் நடப்புச் சுற்றோடு அடுத்த சுற்றும் செல்லாது என்ற அறிவிப்பு வரும். இன்னும் தொடங்காத சுற்றுக்குத் தண்டனையா என்று கேட்பது இயல்பே.

இத்தாலியின் மோன்ஸா தடத்தை எடுத்துக்கொண்டால் விடை தெளிவாகும். அதன் கடைசி வளைவு, பரபோலிகா என்று பழகிப்போன நீண்ட வலப்பக்க வளைவு. 2021-இல் மிக்கேலே அல்போரெட்டோவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதிலிருந்து வெளியேறினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் முதன்மை நேர்பாதை. நேரம் அளக்கும் கோடு அந்த நேர்பாதையின் மீதே இருக்கிறது. பரபோலிகாவின் வெளி ஓரத்தில் அகலமாகப் போய் ஈட்டிய வேகத்தின் ஒரு பகுதிதான் இந்தச் சுற்றில் சேர்கிறது. மீதி, கோட்டைத் தாண்டிய பிறகு, அடுத்த சுற்றின் கணக்கில் சேர்கிறது.

1,000 மீட்டர் தூரத்தைச் சராசரியாக மணிக்கு 250 கிலோமீட்டரில் கடக்க 14.40 விநாடி ஆகும். சராசரி 252 கிலோமீட்டரானால் 14.29 விநாடி. வித்தியாசம் சுமார் 0.11 விநாடி. முதல் பத்து இடங்களும் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளால் பிரிந்து நிற்கும் பட்டியலில் இது மாபெரும் இடைவெளி. நடப்புச் சுற்றை மட்டும் ரத்து செய்தால், கெட்டிக்கார ஆட்டக்காரர் முதல் சுற்றை வேண்டுமென்றே பலிகொடுத்து, கடைசி வளைவில் தாராளமாக வெளியே போய், அந்த வேகத்தோடு தன் உண்மையான சுற்றைத் தொடங்குவார். விதி இல்லாத இடங்களில் இதைச் செய்தவர்கள் உண்டு. ஆகவே அடுத்த சுற்றின் ரத்து தண்டனையன்று. அந்தச் சுற்று தொடங்கும்போதே வரம்பு மீறிய வேகத்தைக் கையில் வைத்திருக்கிறது என்ற கணக்கு அது.

ஓர் ஓட்டை எல்லோரையும் பாதிக்கும் விதம்

ஒருவர் கோட்டைத் தாண்டுவது அவருடைய பிரச்சினை, மற்றவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். கிராண்ட் டூரிஸ்மோ 7-இன் ஆன்லைன் டைம் ட்ரையலில் பரிசு தரும் முறை அதற்குப் பதில் சொல்கிறது. முதலிடத்து நேரத்திலிருந்து 3 சதவீதத்துக்குள் வந்தால் தங்கம், 5 சதவீதத்துக்குள் வெள்ளி, 10 சதவீதத்துக்குள் வெண்கலம். தங்கத்துக்கு 20 லட்சம் கிரெடிட் (விளையாட்டுக்குள் செலவிடும் பணம்), வெள்ளிக்கு 10 லட்சம், வெண்கலத்துக்கு 5 லட்சம்.

முதலிடத்து நேரம் 1 நிமிடம் 40 விநாடி என்றால், தங்கத்தின் எல்லை 1 நிமிடம் 43 விநாடி. ஒரு வளைவில் நிரல் கவனிக்கத் தவறிய இடைவெளியைக் கண்டுபிடித்து ஒருவர் 1 விநாடி குறைத்துவிட்டால், தங்கத்தின் எல்லை 1.03 விநாடி கீழே இறங்குகிறது. நேர்மையாக 1 நிமிடம் 42.5 விநாடியில் ஓட்டித் தங்கத்துக்குள் இருந்த ஒருவர், தான் எதுவும் செய்யாமலேயே வெள்ளிக்குப் போகிறார். மேலே ஒருவர் செய்தது கீழே ஆயிரக்கணக்கானோரின் பரிசை மாற்றுகிறது.

பரிசு விளையாட்டுக்குள்ளேயே நிற்காத காலமும் இருந்தது. நிசானும் சோனியும் 2008 முதல் நடத்திய ஜிடி அகாடமி, கிராண்ட் டூரிஸ்மோவின் டைம் ட்ரையல்கள் வழியாகவே ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து நிஜக் கார்களில் ஏற்றியது. முதல் ஆண்டு வென்ற ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோன்யெஸ் பிறகு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார். 2011-இல் வென்ற ஜான் மார்டன்பரோவும் அவ்வாறே. இருக்கை ஒன்று, முயல்பவர்கள் பல்லாயிரம் என்ற நிலையில், ஒரு கெர்ப்பின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது ஒருவரின் வாழ்க்கைத் தொழிலைத் தீர்மானிக்கும் கேள்வியாகிவிடுகிறது.

எல்லையே இல்லாத விளையாட்டுகள்

தட எல்லை விதி இல்லாமலும் டைம் ட்ரையல் நேர்மையாக நடக்க முடியும். பிரான்ஸின் நாடியோ நிறுவனத்தின் ட்ராக்மேனியாவில் வெள்ளைக் கோடு என்ற கருத்தே இல்லை. தடத்தில் ஆங்காங்கே செக்பாயிண்டுகள் இருக்கும். அனைத்தையும் கடந்து முடிவை அடைந்தால் போதும். இடையில் சுவரின்மேல் பறந்து போனாலும், யாரும் நினைக்காத குறுக்குவழியில் புகுந்து வந்தாலும் அந்த நேரம் செல்லும். குறுக்குவழியைக் கண்டுபிடிப்பதே அங்கே திறமை. தடத்தை வடிவமைத்தவருக்குப் பிடிக்கவில்லையென்றால் செக்பாயிண்டை வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும்.

மரியோ கார்ட் வீ ஆட்டக்காரர்கள் வேறொரு தீர்வைக் கண்டார்கள். அந்த விளையாட்டில் சுற்றுகளை எண்ணும் செக்பாயிண்டுகளை ஏமாற்றி, தடத்தின் சிறு பகுதியை மட்டும் ஓட்டி முழுச் சுற்றையும் பதிவு செய்ய முடியும். அத்தகைய நேரங்களைத் தடை செய்யாமல், ஏமாற்று வழியுள்ள பட்டியல், இல்லாத பட்டியல் என்று இரண்டாகப் பிரித்துச் சாதனைகளைப் பேணுகிறார்கள்.

இவற்றில் விதி தளர்வாக இருந்தும் குழப்பம் குறைவு. நிரல் எதை ஏற்கிறதோ அதுவே விதி என்பது ஆட்டக்காரர் அனைவருக்கும் முன்கூட்டியே தெரியும். நிஜத் தடத்தைப் போலிசெய்யும் விளையாட்டுகளில் மட்டுமே விதிப்புத்தகம் ஒன்றும் நிரல் ஒன்றுமாக இரண்டு சட்டங்கள் ஒரே தடத்தின்மேல் கிடக்கின்றன.

எல்லை மாறும்போது

நிரலில் உள்ள பிழையைத் தயாரிப்பாளர் ஒரு புதுப்பிப்பில் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேற்றுவரை திறந்து கிடந்த கெர்ப்பின் பின்புறம் இன்று முதல் செல்லாத பரப்பாகிறது. பட்டியலின் உச்சியில் நிற்கும் நேரங்கள் நேற்றைய தடத்தில் ஓட்டப்பட்டவை. இன்று ஆட வருபவருக்கு அவற்றைத் தொட வழியே இல்லை. அவருடைய திரையில் கூடவே ஓடும் நிழல் கார், தான் போக முடியாத இடத்தின்மேல் அநாயாசமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இத்தகைய நேரத்தில் செய்யத்தக்கவை இரண்டே: பட்டியலை முழுவதும் அழித்துப் புதிதாகத் தொடங்குவது, அல்லது சேமித்துவைத்த ஒவ்வொரு சுற்றின் தரவையும் புதிய எல்லையோடு ஒப்பிட்டு மீறியவற்றை மட்டும் நீக்குவது. முதலாவது எளிது, ஆனால் நேர்மையாக ஓட்டியவர்களின் உழைப்பும் சேர்ந்து போகும். இரண்டாவதுக்கு அதிக வேலை; ஆனாலும் நிழல் காரை ஓட்டிக் காட்டுவதற்காகக் கார் எப்போது எங்கே இருந்தது என்ற தரவு ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும் விளையாட்டுகளில் அது செய்யக்கூடிய வேலைதான். நேரம் நீக்கப்பட்டவருக்கு எந்த வளைவில், எந்தக் கணத்தில், எந்தச் சக்கரம், எத்தனை சென்டிமீட்டர் வெளியே இருந்தது என்ற ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பலாம். அந்த எண்கள் அனைத்தும் நிரலின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன.